கோப்பில் இல்லாத கை

எங்கள் வீட்டில் இசை ஒரு கை வேலை. அப்பா ஆர்மோனியம் வாசிப்பார். வலது கை கட்டைகளின் மேல் ஓடும். இடது கை பெட்டிக்குப் பின்னால் துருத்தியை அசைத்துக்கொண்டே இருக்கும். பாட்டு முழுக்க வலது கையில் இருக்கிறது, இடது கை சும்மா காற்றடிக்கிறது என்றுதான் சிறுவயதில் நினைத்திருந்தேன்.

அப்பா பிறந்து வளர்ந்தது தென் செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் பஜனை நடக்கும். யாரிடமும் முறையாகக் கற்காமல், முன்னால் வாசித்தவரின் விரல்களைப் பார்த்தே அவர் பழகினார். தோட்டம் கைமாறி, பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியானபோது பஜனைக் குழுவும் கலைந்துவிட்டது. பெட்டி மட்டும் எங்களோடு தாமான் வீட்டுக்கு வந்து அலமாரி மேல் ஏறிக்கொண்டது.

தாமான் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பியானோ இருந்தது. பக்கத்து வீட்டுச் சீனப் பெண்ணுக்கு என் வயதுதான். தினமும் மாலை ஐந்து மணிக்கு ஆரம்பிப்பாள். முதலில் வலது கை மட்டும். பிறகு இடது கை மட்டும். பிறகு இரண்டும் சேரும், சேர்ந்த உடனே உடையும். மறுபடி முதலிலிருந்து. "இந்தப் புள்ளைக்கு வேற பாட்டே தெரியாதா?" என்று அம்மா கேட்பார். எனக்கு அந்த உடையும் இடம்தான் பிடித்திருந்தது. இன்றைக்குத் தாண்டிவிடுவாளா என்று காத்திருப்பேன்.

ஒருமுறை நானும் படிக்கட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். மாதம் எவ்வளவு, தேர்வுக்கு எவ்வளவு, பியானோ எவ்வளவு என்று விசாரித்துவிட்டு வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

ஸ்கூடாய் யூ.டி.எம்.மில் மின்பொறியியல் முடித்து, பாயான் லெப்பாஸில் சிப் சோதிக்கும் வேலைக்குச் சேர்ந்து, படிப்புக் கடனில் பாதியைக் கட்டிய பிறகு, இருபத்தாறு வயதில் ஒரு பழைய டிஜிட்டல் பியானோ வாங்கினேன். 88 கட்டை. மடிக்கணினியோடு இணைக்க ஒரு யூ.எஸ்.பி. கம்பி. ஆசிரியர் இல்லை, இசைத்தாள் வாசிக்கத் தெரியாது. இணையத்தில் மிடி கோப்புகள் இலவசமாகக் கிடைத்தன. அவற்றைத் திறந்தால் திரையில் வண்ணப் பட்டைகள் மேலிருந்து மழைபோல இறங்கும். பட்டை எந்தக் கட்டையில் வந்து விழுகிறதோ அதை அழுத்த வேண்டும். நீ அழுத்தும்வரை மென்பொருள் காத்திருக்கும். வேகத்தைக் கால்வாசியாகக்கூடக் குறைக்கலாம். இது போதும் என்று நினைத்தேன்.

இருபது வரி நிரல்

எல்லாரும் தொடங்கும் பாட்டிலேயே நானும் தொடங்கினேன். ஜி மேஜர் மினுயெட். யோஹான் செபாஸ்டியன் பாக் தன் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725-இல் தொடங்கிய இசைக் குறிப்பேட்டில் இருப்பது. நெடுங்காலம் பாக் எழுதியதாகவே நம்பப்பட்டது. டிரெஸ்டன் நகரின் ஆர்கன் கலைஞர் கிறிஸ்டியன் பெட்சோல்ட் எழுதியது என்பது 1970களில்தான் தெளிவானது.

நான் இறக்கிய கோப்பில் ஒரு சிக்கல் இருந்தது. எல்லாச் சுரங்களும் ஒரே தடத்தில் கலந்து கிடந்தன. திரையில் எல்லாப் பட்டையும் ஒரே நிறம். எது வலது கைக்கு, எது இடது கைக்கு என்று தெரியவில்லை. பொறியாளன்தானே, பைத்தானில் இருபது வரி எழுதினேன். மிடியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண் உண்டு. பியானோவின் நடு சி-க்கு எண் 60. அறுபதுக்குக் கீழே இருந்தால் இடது கை, நீல நிறம். அறுபதும் அதற்கு மேலும் வலது கை, பச்சை நிறம். பிரச்சினை தீர்ந்தது.

தீரவில்லை. மூன்றாவது கட்டத்தில் வலது கை உயரே ஒரு இ-யை வாசிக்கும்போது, என் நிரல் நடு சி-யையும் பச்சையாக்கி அதே கையிடம் கொடுத்திருந்தது. இரண்டுக்கும் இடையே முதலும் கடைசியும் சேர்த்துப் பத்து வெள்ளைக் கட்டைகள். என் கை எட்டுக் கட்டைதான் எட்டும். இரண்டு வாரம் விரலை இழுத்துப் பிடித்துப் பழகினேன். மணிக்கட்டு வலித்தது. என் கை சிறியது, இது நம்மைப் போன்றவர்களுக்கான கருவி இல்லை போல என்றுகூட யோசித்தேன். தவறு என் நிரலில் இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. திரையில் வண்ணத்தில் வந்துவிட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

பிறகுதான் கேள்வி வந்தது. ஒரு பாட்டின் ஒவ்வொரு சுரமும் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது, எவ்வளவு அழுத்தத்தில் விழுகிறது என்பதையெல்லாம் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக் கணக்கில் வைத்திருக்கும் கோப்புக்கு, எந்தக் கை என்று மட்டும் ஏன் தெரியவில்லை?

காகிதச் சுருளும் நீதிமன்றமும்

விடை தேடிப் போனால் மிடிக்கு முன்னால் காகிதம் வருகிறது. அமெரிக்கர் எட்வின் வோட்டி 1895-இல் பியானோலா என்ற கருவியை உருவாக்கினார். அது ஒரு மரப்பெட்டி. சாதாரண பியானோவின் முன்னால் தள்ளி நிறுத்தினால், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மர விரல்கள் கட்டைகளை அழுத்தும். துளையிட்ட காகிதச் சுருள் ஓர் உலோகப் பட்டையின் மேல் ஊரும். துளை வரும் இடத்தில் காற்று உள்ளே பாயும், அதற்குரிய விரல் இறங்கும். காற்றை உறிஞ்ச மனிதர் கீழே கால்மிதியை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்னாளில் இந்த எந்திரம் பியானோவுக்குள்ளேயே பொருத்தப்பட்டது. 1908-இல் பஃபலோ நகரில் கூடிய தயாரிப்பாளர்கள், பதினொன்றேகால் அங்குல அகலச் சுருளில் அங்குலத்துக்கு 9 துளை, மொத்தம் 88 சுரம் என்று பொது அளவு ஒன்றை முடிவு செய்தார்கள். எந்த நிறுவனத்தின் சுருளும் எந்த நிறுவனத்தின் பியானோவிலும் ஓடும். 1920களின் முற்பகுதியில் அமெரிக்காவில் தயாரான பியானோக்களில் பாதிக்கு மேல் இப்படித் தானாக வாசிப்பவைதாம்.

அதே 1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒயிட்-ஸ்மித் என்ற இசைப் பதிப்பகம், அப்போலோ என்ற நிறுவனத்தின் மேல் தொடுத்தது. எங்கள் பாடல்களைச் சுருளில் துளையிட்டு விற்கிறார்கள், எங்களுக்குக் காசு தரவில்லை என்பது புகார். பதிப்பகம் தோற்றது. சுருளைக் கையில் எடுத்து ஒரு மனிதரால் இசையாக வாசிக்க முடியாது, ஆகவே அது இசைத்தாளின் பிரதி அல்ல, எந்திரத்தின் ஒரு பாகம் மட்டுமே என்றது நீதிமன்றம். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றி, சுருள் ஒன்றுக்கு 2 சென்ட் உரிமைத்தொகை வைத்தது.

சட்டப்படி அந்தத் தீர்ப்பு ஓராண்டுதான் நின்றது. ஆனால் ஒரு விஷயத்தை அது சரியாகச் சொல்லியிருந்தது என்று எனக்குப் படுகிறது. இசைத்தாள் மனிதருக்கு எழுதப்படுவது. மேல்வரிசை வலது கைக்கு, கீழ்வரிசை இடது கைக்கு, தேவைப்பட்டால் விரல் எண்ணும் உண்டு. சுருள் கட்டைக்கு எழுதப்படுவது. கட்டைக்குக் கை முக்கியமில்லை. அது கீழே இறங்கினால் போதும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜெர்மனியின் வெல்ட்டே நிறுவனம் 1904-இல் கொண்டுவந்த வெல்ட்டே-மின்யோன் கருவி, பெரிய கலைஞர்களின் வாசிப்பில் இருந்த மென்மை, வன்மையையும் சேர்த்துப் பதிந்து திரும்பத் தரும். கிரீக், டெபுஸ்ஸி போன்றோர் அதில் வாசித்திருக்கிறார்கள். அந்தக் கருவி ஒலியின் அளவை எப்படிக் கட்டுப்படுத்தியது தெரியுமா? கட்டைவரிசையை நடுப்பகுதியில் ஓர் இடத்தில் இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பாதிக்கு ஒரு கட்டுப்பாடு, மேல்பாதிக்கு ஒரு கட்டுப்பாடு. கைகள் எங்கே குறுக்கே போனாலும் அதற்கு இரண்டு பாதிகள்தாம். நான் இருபது வரியில் எழுதிய அதே நிரலை அவர்கள் காற்றிலும் ரப்பர் குழாயிலும் எழுதியிருந்தார்கள்.

டியூக் எலிங்டனின் விரல்கள்

ஆனால் இந்தச் சுருள்களை ஆசிரியராக வைத்துப் படித்தவர்களும் இருந்தார்கள்.

ஜேம்ஸ் பி. ஜான்சன் என்ற பியானோ கலைஞரின் 'கரோலைனா ஷவுட்' அந்தக் காலத்து இளம் கறுப்பினக் கலைஞர்களுக்கு ஒரு பரீட்சை மாதிரி. ஸ்ட்ரைட் என்று அந்தப் பாணிக்குப் பெயர். அதில் கஷ்டமே இடது கைதான். கீழே ஆழத்தில் ஒரு சுரம், உடனே தாவி நடுவில் ஒரு கூட்டுச்சுரம், மறுபடி கீழே. தாளமும் அடித்தளமும் இடது கையின் பொறுப்பு. வலது கை அதன் மேல் விளையாடும். வாஷிங்டனில் இளைஞர் டியூக் எலிங்டன் ஜான்சனின் சுருளைத் தானியங்கி பியானோவில் மாட்டி, வேகத்தைக் குறைத்து, தானாக இறங்கும் கட்டைகளின் மேல் தன் விரல்களை வைத்து வைத்துப் பழகினார். நியூயார்க்கில் ஃபேட்ஸ் வாலரும் அப்படித்தான். இசைக் கல்லூரி வாசல் மிதிக்காத பிள்ளைகளுக்கு அந்த எந்திரம் ஒரு கதவைத் திறந்துவிட்டது.

இது ஏன் சுருளில் முடிந்தது, கிராமஃபோன் தட்டில் முடியவில்லை? தட்டின் வேகத்தைக் குறைத்தால் சுருதியும் கூடவே இறங்கிப் பாட்டு முனகும். சுருளை எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் ஒவ்வொரு கட்டையும் தன் சுரத்தையே தரும். காலமும் சுருதியும் அதில் தனித்தனி. இன்றைக்கு என் மடிக்கணினியில் வேகத்தைக் கால்வாசியாக்கினால் பாட்டு கெடாமல் இருப்பதற்கும் இதே காரணம்தான். திரையில் பட்டை இறங்கும் மென்பொருள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. எலிங்டன் கட்டைகளில் பார்த்ததை அது கொஞ்சம் முன்னதாகவே, வண்ணத்தில் காட்டுகிறது. இசையமைப்பு மென்பொருள்களில் சுரங்களைப் பட்டைகளாகத் தொகுக்கும் திரைக்கு இன்றும் 'பியானோ ரோல்' என்றுதான் பெயர்.

எலிங்டன் சுருளோடு நிற்கவில்லை என்பது கதையின் மறுபாதி. அவருடைய ஊரில் ஃபிராங்க் ஹாலிடே என்பவரின் பில்லியர்ட்ஸ் கூடத்தில் பியானோக்காரர்கள் கூடுவார்கள். எலிங்டன் அங்கே போய் அவர்களைப் பார்த்துக்கொண்டே நிற்பார். டாக் பெர்ரி என்ற மூத்த கலைஞர் அவருக்கு இசைத்தாள் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். 1921-இல் ஜேம்ஸ் பி. ஜான்சனே வாஷிங்டனுக்கு வந்தபோது, அவர் முன்னாலேயே எலிங்டன் 'கரோலைனா ஷவுட்'டை வாசித்துக் காட்டினார். எந்தக் கட்டை என்பது சுருளில் கிடைத்தது. எந்தக் கை, எப்படித் தாவ வேண்டும் என்பதை மனிதர்களின் பக்கத்தில் நின்றுதான் எடுத்துக்கொள்ள முடிந்தது.

சுருளுக்குக் கை தேவையில்லை என்பதை ஒரு சுதந்திரமாக எடுத்துக்கொண்டவரும் உண்டு. மெக்சிகோ நகரில் வாழ்ந்த கான்லன் நான்காரோ, துளையிடும் எந்திரம் ஒன்றை வாங்கி, எந்த மனிதரின் பத்து விரலாலும் வாசிக்க முடியாத தாளங்களைத் தன் கையாலேயே சுருள் சுருளாகத் துளைத்தார். அவற்றை வாசிக்க ஆள் தேடும் வேலையே அவருக்கு இல்லை.

மூன்று பைட்

1920களின் பிற்பகுதியில் வானொலியும் மின்பதிவும் வந்து, 1929 பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து, சுருள் பியானோ சரிந்தது. அதன் யோசனை மட்டும் அரை நூற்றாண்டு கழித்து வேறு உடம்பில் திரும்பி வந்தது.

1980களின் தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் மின்னணு இசைக்கருவியும் தனி மொழி பேசியது. அமெரிக்கப் பொறியாளர் டேவ் ஸ்மித் 1981-இல் எல்லாக் கருவிக்கும் பொதுவான ஓர் இணைப்பு வேண்டும் என்று முன்மொழிந்தார். ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இக்குடாரோ காக்கேஹாஷி அதே எண்ணத்தில் இருந்தார். 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த நாம் இசைக்கருவிக் கண்காட்சியில் ஸ்மித்தின் பிராஃபெட்-600, ரோலண்டின் ஜுப்பிட்டர்-6 இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்தார்கள். ஒன்றில் அழுத்தினால் மற்றது பாடியது. அதுதான் மிடி. அந்த நெறிமுறைக்கு யாரிடமும் உரிமக் கட்டணம் வாங்குவதில்லை என்றும் முடிவு செய்தார்கள். முப்பது வருடம் கழித்து, 2013-இல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கொடுக்கப்பட்டது.

பல்கலைக்கழகத்தில் தொடர் தகவல் பரிமாற்றம் படித்தவர்களுக்கு மிடி பழைய நண்பன் மாதிரி இருக்கும். நொடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்குத் தொடக்கப் பிட், முடிவுப் பிட் சேர்த்துப் பத்து. ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று பைட் கிளம்பும். 'இந்தத் தடத்தில் ஒரு சுரம் தொடங்குகிறது' என்று முதல் பைட். கட்டை எண் இரண்டாவது. கட்டை எவ்வளவு வேகமாக இறங்கியது என்று 127 வரை ஓர் எண் மூன்றாவது. எல்லாம் சேர்த்து ஒரு மில்லி நொடிக்குள் முடிந்துவிடும். பியானோவின் 88 கட்டைகளும் 21-இலிருந்து 108 வரை அடங்கிவிடும்.

கை எங்கே? இல்லை. கருவிகளுக்கு இடையே பேசும் மொழியில் அதற்குத் தேவை இருக்கவில்லை. 1988-இல் மிடியைக் கோப்பாகச் சேமிக்கும் பொது வடிவம் வந்தபோதும் கைக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை. வகை 1 கோப்பில் பல தடங்கள் வைக்கலாம். கோப்பைச் செய்பவர் நல்ல மனசோடு முதல் தடத்தில் வலது கையும் இரண்டாவதில் இடது கையும் வைப்பார். அது பழக்கம்தான், விதி இல்லை. வகை 0 கோப்பில் எல்லாம் ஒரே தடம். என் மினுயெட் வகை 0.

2005-இல் 'கிட்டார் ஹீரோ' என்ற விளையாட்டு பிரபலமானதும், அடுத்த ஆண்டு ஒருவர் அதே பாணியில் 'பியானோ ஹீரோ' என்ற இலவச மென்பொருளை எழுதினார். விளையாட்டின் உரிமையாளர்கள் பெயரை மாற்றச் சொன்னார்கள். அது சிந்தீசியா ஆனது. மிடி கோப்பைப் படித்துப் பட்டை பட்டையாக இறக்கும் முறை இன்று எங்கும் பரவிக் கிடக்கிறது. உச்ச நீதிமன்றம் மனிதரால் வாசிக்க முடியாது என்று சொன்ன துளைகளை, நூறு வருடம் கழித்து என்னைப் போன்ற லட்சக்கணக்கானோர் வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

நன்றி மறக்கக் கூடாது. உரிமம் வேண்டாம் என்று அந்தப் பொறியாளர்கள் விட்டதால்தான் தோட்டத்துக்காரர் மகன் ஒருவன் காசு கொடுக்காமல் கோப்பை இறக்கிப் பியானோ முன் உட்கார முடிந்தது. ஆனால் எனக்கு என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதைக் காட்ட இன்னொருவர் வர வேண்டியிருந்தது.

ஐந்து, மூன்று, ஒன்று

பக்கத்து வீட்டுப் பெண் இப்போது கோலாலம்பூரில் பியானோ ஆசிரியை. சீனப் புத்தாண்டுக்கு ஊர் வந்தவள், ஆரஞ்சுப் பழம் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் பியானோவைப் பார்த்துவிட்டாள். வாசி என்றாள். வாசித்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மடிக்கணினியை மெதுவாக மூடினாள். "ஏழாவது கட்டத்திலிருந்து, இடது கை மட்டும்."

முடியவில்லை. திரை இல்லாமல் நடுவிலிருந்து எனக்குத் தொடங்கவே தெரியவில்லை. மென்பொருள் காத்திருக்கும், நான் அழுத்துவேன், அது நகரும். ஆறு மாதம் நான் பழகியது பட்டையைத் துரத்துவதற்கு. மலாயும் ஆங்கிலமும் கலந்து அவள் சொன்னதன் சாரம் இது: "கட்டை எங்க இறங்குதுன்னு உனக்குத் தெரியும். கை எங்க இருக்கணும்னு தெரியாது."

என்னிடம் அச்சிட்ட இசைத்தாள் ஒன்று இருந்தது, வாசிக்கத் தெரியாமல் வைத்திருந்தேன். அதில் பென்சிலால் எண்கள் எழுதினாள். கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து, இரண்டு கைக்கும் அப்படியே. முதல் கட்டத்தில் இடது கையின் கூட்டுச்சுரம் ஜி, பி, டி. அதற்கு 5, 3, 1. ஏழாவது கட்டத்தில் அதே மூன்று சுரம், இந்தமுறை ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழே. டி, பி, ஜி. அதற்கு 1, 3, 5. "ஒரே கைதான். வச்ச கைய எடுக்கவே வேணாம். பார்த்தியா?"

அப்போதுதான் பார்த்தேன். அந்த டி நடு சி-க்கு மேலே இருக்கிறது. மிடியில் அதன் எண் 62. என் நிரல் அதைப் பச்சையாக்கி வலது கைக்குக் கொடுத்திருந்தது. ஒரே கை ஒரே வடிவத்தில் வாசிக்க வேண்டியதை நான் இரண்டாக வெட்டிவைத்திருந்தேன். கை எட்டாத அந்த மூன்றாவது கட்டத்து நடு சி-யும் இடது கைக்கு உரியதுதான். என் கை ஒன்றும் சிறியதல்ல.

இந்த விரல் எண்களுக்கு நீண்ட வரலாறு உண்டு என்பதைப் பிறகு படித்தேன். 1720-இல் பாக் தன் ஒன்பது வயது மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமானுக்கு ஒரு பயிற்சி ஏடு தொடங்கினார். அதன் ஆரம்பத்திலேயே ஒரு சின்ன உருப்படி. அதில் சுரங்களின் மேல் விரல் எண்களைத் தானே எழுதியிருக்கிறார். அவருடைய இசையில் விரல் எண் குறித்தவை மிகச் சிலவே. மகனுக்கு மட்டும் எழுதினார். 1723-இல் பதினைந்து இரண்டு-குரல் இன்வென்ஷன்களைத் தொகுத்தபோது, இரண்டு குரலையும் சுத்தமாக வாசிக்கக் கற்பதுதான் நோக்கம் என்று முகப்பிலேயே குறிப்பிட்டார். அவற்றில் இடது கை வலது கைக்குப் பக்கவாத்தியம் இல்லை. வலது கை சொன்னதை இடது கை திருப்பிச் சொல்லும், சில இடத்தில் எதிர்த்தும் பேசும். இன்னொரு மகன் கார்ல் ஃபிலிப் எமானுவல் 1753-இல் எழுதிய பாடநூலின் முதல் அத்தியாயமே விரல் வைக்கும் முறைதான். அப்பா சிறுவயதில் கேட்ட பெரிய கலைஞர்கள் கட்டைவிரலை அவசியம் நேர்ந்தால் மட்டுமே பயன்படுத்தினார்கள் என்று அப்பா சொன்னதையும் அதில் பதிந்திருக்கிறார். இருநூற்றெழுபது வருடத்துக்கு முந்தைய ஒரு பாடநூலில் ஓர் அப்பா வந்து உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது பழகும் முறையை மாற்றிக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட அதே வரிசை. நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு, இசைத்தாளைப் பார்த்துக் கோப்பைக் கையால் இரண்டு தடமாகப் பிரித்தேன். வலது தடத்தை மென்பொருள் வாசிக்க, நான் இடது. பிறகு மாற்றி. காத்திருக்கும் வசதியை அணைத்துவிட்டேன். தப்பினால் பாட்டு போய்விடும், நான் ஓடிப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் சேரும்போது உடையத்தான் செய்தது. உடைந்த இடத்திலிருந்து மட்டும் இரண்டு கட்டம், நூற்றுக்கு நாற்பது வேகத்தில். மூன்று வாரத்தில் முதல் பதினாறு கட்டம் தாண்டினேன். "இப்ப நீயுமா?" என்றார் அம்மா.

அப்பாவின் இடது கை

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பியானோ முன் உட்கார வைத்தேன். "நம்ம பெட்டி மாதிரிதான் இதுவும். எதாச்சும் வாசிங்கப்பா." வெகு நேரம் தயங்கிவிட்டு ஒரு பஜனைப் பாட்டை எடுத்தார். விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. அவருக்குத் தெரியாமல் மடிக்கணினியில் பதிவை ஓடவிட்டிருந்தேன்.

இரவு அந்தக் கோப்பைத் திரும்ப ஓடவிட்டேன். சுரமெல்லாம் சரியாக இருந்தது. ஆனால் பாட்டு தட்டையாக இருந்தது. இழுக்கும் இடத்தில் இழுக்கவில்லை, பொங்கும் இடத்தில் பொங்கவில்லை. எண்களைப் பிரித்துப் பார்த்தேன். அழுத்த எண்கள் 45, 88, 52, 91 என்று பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஏறி இறங்கின. யோசித்தபோது புரிந்தது. ஆர்மோனியத்தில் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் ஒலி மாறாது. மென்மையும் வன்மையும் துருத்தியில் இருக்கின்றன. ஐம்பது வருடமாக அப்பா உணர்ச்சியை வலது கையில் வைத்ததே இல்லை. எல்லாம் இடது கையில்.

அவர் வாசித்தபோது அந்தக் கை என்ன செய்தது என்பதும் நினைவுக்கு வந்தது. பியானோ ஓரத்தில், காற்றில், திறந்து மூடிக்கொண்டே இருந்தது. கோப்பில் அது இல்லை.

ஆர்மோனியம் 1840களில் பாரிஸில் அலெக்சாந்தர் தெபான் செய்தபோது காலால் மிதிப்பது. இரண்டு கைக்கும் கட்டைகள் இருந்தன. இந்தியாவில் தரையில் உட்கார்ந்து வாசிப்பவர்களுக்காகக் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் 1875-இல் கையால் இயக்கும் பெட்டியைச் செய்தார். நம் இசைக்கு ஒரே குரல் போதும் என்பதால் ஒரு கை துருத்திக்குப் போனது. அனைத்திந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அந்தக் கருவியை விலக்கி வைத்திருந்தது. கமகம் வராது, சுரத்துக்குச் சுரம் படிபோலத் தாவுகிறது என்பது குற்றச்சாட்டு. வலது கையை மட்டும் வைத்துப் பார்த்தால் அது உண்மைதான். தோட்டத்துக் கோயில்களில் அந்த விலக்கை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கினோம். துருத்தியின் மடிப்பில் இரண்டு இடத்தில் கிழிசல். அப்பா துணி ஒட்டி அடைத்தார். பிறகு என்னைப் பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்காரச் சொல்லி, என் இடது கையைப் பிடித்துத் துருத்தியில் வைத்தார்.

"சும்மா காத்து அடிக்காத. பாட்டு எங்க மூச்சு வாங்குதோ அங்க விடு."

அவருடைய வலது கை, என்னுடைய இடது கை. நான்கு வரி தாண்டுவதற்குள் மூன்று முறை உடைந்தது. அப்பா நிறுத்தவில்லை. உடைந்த இடத்தையே திரும்ப எடுத்தார்.